அர்ச்சனைக்கு ஒரு பேர்

முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த பவளத்துக்கு இப்போது புருஷன் காத்தமுத்துவையே அடையாளம் தெரியவில்லை. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ், "வலிக்கு மட்டும் மருந்து குடுங்க, மத்தபடி அவங்களுக்குப் பிடிச்சதச் செய்ங்க லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிடித்தது வெள்ளிக்கிழமை பூசைதான். தோட்டத்து லயத்து வீட்டில் காத்தமுத்து சூடம் கொளுத்தித் திருநீறு பூசினால், கோயில் பூசாரி என்று நினைத்துக் கும்பிடுவாள். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பூசாரி ஊட்டினால்தான் கஞ்சி இறங்குகிறது என்றதும் பூசாரியாகவே இருந்துவிட்டார்.

இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அர்ச்சனை பண்ணுங்க. வேலைக்குப் போனவரு இன்னும் வரல."

"பேரு?"

புருஷன் பேரைச் சொல்லக்கூடாதென்று ஐம்பது வருஷம் வாய் திறக்காதவள். ஆஸ்பத்திரியில் கேட்டாலும் மகளைத்தான் சொல்ல வைப்பாள்.

"காத்தமுத்து" என்றாள்.

சூடம் அணைந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார் பூசாரி.