ஏழும் எட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் அலுவலகத்தில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க ஒருவர் வந்தார். நீலக் கேபிளின் நுனியை உரித்து, உள்ளே இருந்த எட்டு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்துப் பிரித்தார். எப்படி வரிசை வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு முறை இருக்கு ஆன்டி. எதையும் போடலாம். ஆனா ரெண்டு முனையிலயும் ஒரே வரிசைதான் வரணும். உலகம் பூரா இதான் ரூல் லா."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சூடேறியது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இரண்டாவது வருடம், புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆப்பரேட்டர். காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் போவேன். பலகையில் எட்டு லைன்கள். யாராவது அழைத்தால் அந்த எண்ணின் பித்தளை மூடி விழும். நான் செருகியைச் செருகிக் கேட்டு, வேண்டிய இடத்துக்கு மணி அடித்துக் கொடுப்பேன். ஏழு ஸ்டோர், எட்டு எஞ்சின் கொட்டகை.

முதல் ஆறு லைன்களையும் ஒரு காண்டிராக்டர் இழுத்திருந்தார். ஏழையும் எட்டையும் பின்னால் வந்த இன்னொருவர் இழுத்தார். அவர் கம்பி நிறத்தை எண்ணிய வரிசை வேறு. ஒரு மழைக்குப் பிறகு பழுது பார்க்க வந்த ஆள் ஏழையும் எட்டையும் முதல் காண்டிராக்டரின் வரிசைப்படி மாட்டிவிட்டுப் போனார். எட்டை அடித்தால் ஸ்டோரில் மணி கேட்டது. ஏழை அடித்தால் எஞ்சின் கொட்டகையில்.

ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணியிடம் மூன்று முறை சொன்னேன். "பொம்பளப் புள்ளைக்கு ஒயர் சமாச்சாரம் எதுக்கு? மாத்திப் போட்டு அடி, அவ்வளவுதானே" என்றார். ஒரு தாளில் எழுதிப் பலகையில் ஒட்டினேன். துரை பார்த்தால் அசிங்கம் என்று கிழித்தார். மூன்று வாரம் மாற்றி அடித்தே என் கை பழகிவிட்டது.

ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். ரப்பரை நசுக்கும் உருளைக் கொட்டகையின் மூடி விழுந்தது. எடுத்தால் கங்காணியின் அலறல்: "கை மாட்டிக்கிச்சு! எஞ்சினை நிறுத்தச் சொல்லு!"

உருளைகள் நிற்க எஞ்சின் நிற்க வேண்டும். நான் ஏழில் செருகி மணி அடித்தேன்.

"ஸ்டோர்" என்று பதில் வந்தது.

எட்டுக்கு மாற்றி அடித்தேன். எஞ்சின் சத்தத்தில் அங்கே யாருக்கும் மணி கேட்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். எஞ்சின் கொட்டகை வாசலில் நின்று கத்தினேன். எஞ்சின் நின்றபோது, உருளையில் கை மாட்டிய அக்காவுக்கு மூன்று விரல்கள் போயிருந்தன. ரப்பர் பாளங்களை உருளைக்குள் கொடுக்கும் வேலை அவருக்கு. இரண்டு பிள்ளைகளின் தாய்.

மறுநாள் பெரிய கிராணி ஒரு கடிதத்தை நீட்டினார். ஆப்பரேட்டர் தவறான லைனில் செருகியதால் தாமதம் ஏற்பட்டது என்று அதில் இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஏழை அடிச்சியா இல்லையா?"

"நீங்கதானே மாத்தி அடிக்கச் சொன்னீங்க!"

"நேத்துக் காலையிலயே ஆள் வந்து சரி பண்ணிட்டான். லைன் சரியாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட யார் சொன்னது?"

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். பேனாவைத் தரையில் வீசினேன். என் வாழ்நாளில் அப்படி எதையும் வீசியது அந்த ஒரு தடவைதான். எனக்கு இன்றும் அதில் வருத்தமில்லை.

துரை அழைத்து விசாரித்தார். ஸ்டோர்க்காரர் தெங்கேராவிலிருந்து வரும் முஸ்லிம், அண்ணன் என்ற மரியாதையில் நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து மலாயில் சொன்னார். காலையில் கம்பியை மாற்ற வந்த ஆளுக்கு ஏணி கொடுத்ததே தான்தான் என்றார். கூடவே நின்று வேலை காட்டியவர் பெரிய கிராணி. ஆப்பரேட்டரிடம் சொல்லவா என்று அந்த ஆள் கேட்டதற்கு, வேண்டாம், அவள் வாய் நீளும் என்றாராம்.

துரை கிராணியைப் பார்த்தார். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடிதம் அத்தோடு போனது. என் வேலை தப்பியது. அவர் வேலையும் தப்பியது, அதே நாற்காலியில். இனி ஆப்பரேட்டருக்குத் தெரியாமல் கம்பியைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. எட்டு லைன்களுக்கும் இரண்டு முனையிலும் நானே எண் எழுதிக் கட்டினேன். அரை நாள் வேலை. அந்த அரை நாளைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எங்கிட்ட சொல்லி என்னா? அந்த ஆளு ஒரு தடவ வந்து பாத்தானா?"

சில மாதம் கழித்து, ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் பெரிய கிராணி மனைவியோடு எதிரே வந்தார். நெற்றி நிறைய திருநீறு. ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தார்.

"என்னம்மா, சௌக்கியமா?"

"அந்த அக்கா கையைப் போய்ப் பாத்தீங்களா?" என்றேன்.

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்த அக்கா? என்ன கை?"

"நீங்களே சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.