இலவசமாக ஒரு படக்கதைப் புத்தகம்

மகளுக்கு வாங்கிய படக்கதையில் கண்ணாமூச்சி விளையாட்டுக்கே உயிர் வந்து, பிள்ளைகளை ஒளித்து வைத்துவிடும். தேடுகிறவர் “நான் தோத்துட்டேன்” என்று கத்தினால்தான் விடும்.

இன்று கிள்ளான் ஊரில் ஒரு சேலைக்கடையில் மகள் அதையே விளையாடக் கேட்டாள். கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினேன். திறந்தால் ஆளைக் காணோம்.

கூப்பிட்டேன். கடை முழுக்கத் தேடினேன்.

கடைக்கார அக்கா ஷட்டரையே இறக்கிவிட்டார். “பயப்படாதீங்க லா, நான் வாசல்லதான் நின்னேன். யாரும் வெளிய போகல.”

வேறு வழி தெரியாமல் நடுக்கடையில் கத்தினேன்.

“நான் தோத்துட்டேன்!”

சேலை அடுக்குக்குப் பின்னாலிருந்து சிரித்தபடி வந்தாள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. என்கூட ஒளிஞ்சிருந்த பாப்பாவுக்குக் கேக்கலையாம்.”

கடையில் வேறு பிள்ளையே இல்லை.

புத்தகம் யாருக்கு வேண்டும்? வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.