துக்க வீட்டில் பாஞ்சாலை பிடித்த மீன்

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி இருக்கிற அந்தக் குப்பத்தில், பாஞ்சாலையின் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவள் புருஷன் கொளஞ்சிதான். அவருக்குக் காது மந்தம்.

விடிந்ததும் கரை ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் பிரம்மதேசம் போய்த் தெருத்தெருவாக விற்பாள். ஒருத்தி செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், இன்னொருத்தி வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். “நேத்து மீனா?” என்று எவளாவது கேட்டுவிட்டால் போச்சு. “ஏன், என் மூஞ்சி நேத்து மூஞ்சி மாதிரி இருக்குதா?” என்று தெருவே கேட்கக் கத்துவாள்.

புது மீன்தான் என்று சத்தியம் செய்து செய்து தொண்டை வறண்டு திரும்பும்போது, உப்பளத்து ஓரத்து பஸ் ஸ்டாப்பில் அன்னக்கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்காருவாள். மகள் பிரியங்கா போனில் ஏற்றிக் கொடுத்த மீன்பிடி கேமைத் திறப்பாள். ஒரு ஏரி, ஒரு படகு, அதில் தூண்டிலோடு ஒரு பொம்மை. தக்கை அமிழ்ந்தால் விரலால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். மீன் வராவிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. வந்தாலும் விற்க வேண்டாம், தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடலாம். அந்தச் சுகத்தில் அவள் எத்தனையோ பஸ்ஸைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

“நாள் பூரா மீனோட மாரடிச்சது போதலையாக்கா?” என்று பக்கத்து வீட்டு சுலோசனா கேட்டாள்.

“இது நாறாதுடி. பேரமும் பேசாது.”

இப்படி இருக்கையில் பெரிய வலைக்காரர் வெங்கடாசலம் செத்துப்போனார். குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது, வலையைத் தொடக்கூடக் கூடாது. அது ஊர்க்கட்டுப்பாடு.

பந்தலில் அழுது களைத்த பாஞ்சாலை, ஒரு மூலையில் முந்தானைக்குள் போனைத் திறந்தாள். சத்தத்தைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிட்டாள். ஒப்பாரிக்காரிகள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து தொபுக்கடீரென்று தண்ணீர்ச் சத்தம். தொடர்ந்து, மீன் மாட்டியதற்குப் போனிலிருந்து கைதட்டல், விசில். கூட்டம் முதலில் பிணத்தைப் பார்த்தது, பிறகுதான் அவளைப் பார்த்தது.

அடக்கம் முடிந்த கையோடு பஞ்சாயத்து கூடியது. தலைவர் செல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“சாவு வூட்ல குந்திக்கினு மீன் புடிச்சிருக்க. காரியம் முடியற வரைக்கும் கரை ஏலத்துல உனக்கு மீன் கிடையாது.”

ஏலம் இல்லையென்றால் அடுப்பு எரியாது. கொளஞ்சி முதுகு ஒடிந்து கடலுக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பாஞ்சாலையின் வாய் சும்மா இருக்குமா?

“செரிங்க தலைவரே, குத்தந்தான். போன்லயானாலும் பொம்பள போட்டுல குந்தி மீன் புடிச்சான்னு ஊரே ஒத்துக்கிச்சு. காரியம் முடிஞ்சதும் உங்க போட்டுல எனக்கு ஒரு எடம் போட்டு வெச்சிடுங்க.”

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. ஆண்கள் முகம் செத்துவிட்டது. பெண்கள் போட்டில் கால் வைக்கக் கூடாது என்பதும் அங்கே கட்டுப்பாடுதான். பஞ்சாயத்தார் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு செல்லப்பன் தொண்டையைச் செருமினார்.

“அது மீன் புடிக்கிறதுல சேராது. சும்மா போட்டுல குந்திக்கினு இருக்கறது. அது குத்தம் இல்ல, போ.”

பிழைப்பு தப்பியது. ஆனால் வீட்டுக்குப் போன பாஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை. எகத்தாளத்துக்குக் கேட்ட இடம்தான், ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆயுசெல்லாம் மீன் விற்றவள் ஒரு தடவைகூட போட்டில் உட்கார்ந்ததில்லை. போனில் இருந்த அந்தப் பொம்மை மேல் இத்தனை நாளும் தனக்குப் பொறாமை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை செல்லப்பனின் போட் கரையில் மணலில் கிடந்தது. பாஞ்சாலை அன்னக்கூடையைக் கீழே வைத்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏய் பாஞ்சால, எறங்கு!” செல்லப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

அவள் கடலைப் பார்த்தபடியே இருந்தாள்.

“சும்மா போட்டுல குந்திக்கினு இருக்கறது குத்தம் இல்லன்னு நேத்து சொன்னது யாருங்க தலைவரே?”

பின்னால் ஏலம் ஆரம்பித்துவிட்டது. அவள் இறங்கவில்லை.