பலாவுக்குக் கட்டிய சாக்கு

செங் நகரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே குடியிருப்பாளர்கள் போட்டிருக்கும் தோட்டத்தில், நேற்று ஒருவர் பலாக்காய்க்குச் சாக்கு கட்டிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கின் வாடை பட்டதும் நான் விலகி நின்றேன்.

1957. இந்த நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் பழத்தோட்டத்திலும் அணிலுக்குப் பயந்து பலாவுக்குச் சாக்கு கட்டுவோம். பழுத்ததா என்று பார்க்க அப்பா அதை அவிழ்க்க மாட்டார். ஏணியில் ஏறி, சாக்கில் காதை ஒட்டி, விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். மழை விட்ட ஒரு மாலையில் அப்படிக் காதை வைத்தவர், தட்ட ஓங்கிய கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"என்னங்க, பழுத்துருச்சா? இல்ல, மேலயே தூங்கிட்டீங்களா?" என்றார் கீழே நின்ற அம்மா.

சாக்கின் ஓட்டையிலிருந்து கதண்டு என்னும் பெரிய விஷக்குளவி ஒன்று வெளியே வந்து அவர் கன்னத்தில் ஊர்ந்தது. அம்மா என் வாயைப் பொத்தினார். கதண்டு காதுமடலைச் சுற்றிவிட்டு மறுபடியும் சாக்குக்குள் போனது. சத்தமில்லாமல் இறங்கிய அப்பா, எங்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"உள்ள கூடு கட்டியிருக்கு. தட்டியிருந்தா மூணு பேரும் போயிருப்போம்."

மறுநாள் காலையில் பலாவும் இல்லை, சாக்கும் இல்லை. அறுத்த காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது. யார் திருடியது, அவருக்கு என்ன ஆயிற்று என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.