உதைத்த காலும் ஒற்றிய கையும்

எங்கள் கறம்பக்குடிப் பக்கத்தில் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புத்தகம் என்றாலும் அப்படித்தான், துடைப்பம் என்றாலும் அப்படித்தான். துடைப்பம் லட்சுமியாம். அண்ணன் மிதித்தால் மட்டும் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். அவனுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

இப்படி வளர்ந்த நான் சேர்ந்தது டேக்வாண்டோவில். காலால் உதைத்தே புள்ளி வாங்கும் விளையாட்டு. என் புத்திக்கூர்மைக்கு வேறு சான்று வேண்டாம்.

மணல் மூட்டை முன்னால் நான் புலி. எதிரே ஒரு பெண் நின்றால் போச்சு. உதை விழுந்த மறுகணம் வலது கை அவளைத் தொட்டுவிட்டு என் கண்ணுக்குப் போகும்.

“ஏம்மா, அவ என்ன சாமியா? ஒதைச்சுப்புட்டுக் கும்பிடுற!” என்பார் மாஸ்டர்.

“தானாப் போயிருதுங்க மாஸ்டர்.”

“ஒடம்புல பலம் கெடக்கு, மனசுல வெறி இல்ல ஒனக்கு. வீட்ல யாரு மேலயாச்சும் கோவம் இருக்குமுல்ல? அவங்கள நெனச்சுக்கிட்டு ஒதை.”

அம்மாவை நினைத்துக்கொண்டு உதைத்தேன். இரண்டு கையும் சேர்ந்து போயின.

புதுக்கோட்டையில் மாநில அணிக்கான தேர்வு. இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, இல்லாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கடைசிச் சுற்று, இருவரும் சமம், சில நொடிகளே பாக்கி. என் உதை எதிராளியின் விலாவில் பளாரென்று விழுந்தது. நான் முந்திவிட்டேன். முகத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தால் போதும். கை அவளைத் தொடப் போய்விட்டது. அது விட்டுப்போன இடத்தில் அவள் கால் வந்து என் தலையில் இறங்கியது; தலைக்குப் புள்ளி அதிகம். அவள் ஒற்றிக்கொள்ளவில்லை. நல்ல வீராங்கனை.

மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் அந்தச் சண்டையைச் செல்போனில் வீடியோ எடுத்திருந்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அதைத்தான் காட்டினார்.

“பாருங்க, சண்ட போடுற எடத்துலகூட எம்புள்ள மரியாதைய விடல.”

நான் மண்டையில் வாங்கி விழும்வரை பொறுமையாகப் பார்த்தார் மாப்பிள்ளையின் அம்மா.

“நல்லா வளத்திருக்கீங்க. எங்களுக்குச் சம்மதமுங்க.”

ஆக, ஒரு தேர்விலாவது தேறினேன்.

கிளம்பும் அவசரத்தில் மாப்பிள்ளை என் காலை நன்றாக மிதித்துவிட்டார். அவர் கை என் பக்கம் வரும் என்று நின்றேன். அது சட்டைப்பையில் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.