குருத்தோலைக்கு வெட்டிய சைக்கஸ்

ஆக்லாந்தில் எங்கள் நியூ லின் வீட்டு மண் களிமண். மழைக்காலத்தில் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். அந்த மண்ணில் நேராக நட வேண்டாம் என்று சைக்கஸ் விற்ற செடிக்கடைக்காரர் சொன்னார். பார்க்கக் கட்டைப் பனை மாதிரி இருந்தாலும் அது பனைச் சாதியே இல்லையாம். ஜப்பானில் இருந்து வந்தது, கொஞ்சம் உறைபனி விழுந்தாலும் தாங்கும். "குளிரில் சாகாது, ஈரத்தில்தான் சாகும்" என்றார். நான் முன்வளவில் சிவப்பு எரிமலைக் கல்லைக் கொட்டி, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, அதன் மேல் நட்டேன். தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால் அதற்குப் பக்கத்தில் நிற்பேன். ஆட்களோடு கதைப்பதைவிட எனக்கு அது சுலபம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாற்பத்தைந்து வயதாகியும் கலியாணம் கட்டாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தேன்.

சைக்கஸ் வருடத்தில் ஒரு தடவைதான் குருத்து விடும். எல்லாக் குருத்தும் ஒரே நேரத்தில் நடுவிலிருந்து வட்டமாக எழும்பும். விரியும்போது கை பட்டாலே முறியும். முற்றிய பிறகு நுனியெல்லாம் ஊசி. அந்தக் கோடையில் பிந்தித்தான் வந்தது. பங்குனி முடியும்போதும் இளம்பச்சையாகவே நின்றது.

குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. எங்கள் ஊர் மன்னாரில் தென்னங்குருத்துக்குப் பஞ்சமில்லை. ஆக்லாந்தில் தென்னைக்கு எங்கே போவது? எங்கள் தமிழ்ப் பூசையில் பீடத்துக்குப் பூ வைக்கிற பெண் ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது குறைவு, பாபடோயிட்டோயில் தன் மாமி வீட்டில் இருந்தார். பூசை முடிந்து நான் நிற்கும் மண்டபக் கதவடிப் பக்கம் அவர் வந்தால் கையில் இருக்கும் தேத்தண்ணியைக் குடிக்க மறந்துவிடுவேன். ஒரு ஞாயிறு அவரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, உங்கட வளவில தென்னை மாதிரி ஒண்டு நிக்குதாமே? குருத்து விட்டிருக்கெண்டு உங்கட தம்பி சொன்னவர்."

"ஓம்."

"கொஞ்சம் வெட்டித் தாறீங்களோ? முத்தினது வேண்டாம். குருத்தெண்டாத்தானே குருத்தோலை."

நமக்குக் குருத்தோலை ஞாயிறு என்றால் வெயில் காலம். இங்கே அது குளிருக்கு முன்வாசல். குருத்தைக் கொடுத்துவிட்டால் மரம் எதை வைத்துக் குளிர்காலத்தைக் கடக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் "ஓம்" என்றேன். சனிக்கிழமை குருத்தெல்லாவற்றையும் வெட்டினேன். பீடத்தைச் சோடிக்க உதவும் என்று பழைய இலைகளையும் வெட்டினேன்.

அவர் கோயில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சிலுவை மடிக்கப் பார்த்தார். "ஐயோ, இது மடியுதில்லையே, முறியுது." பிறகு குவியலைப் பார்த்தார். "அண்ணை, மரத்தை மொட்டை அடிச்சிட்டீங்களோ?"

"மயிர் வளரும்" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "செத்துப் போகாதே?"

"தெரியாது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் என்னிடம் வந்தார். "அண்ணை, மரம் என்ன மாதிரி?"

மரம் அன்னாசிப்பழம் மாதிரி வெறும் கட்டையாக நின்றது. நடுவில் மழைத்தண்ணி தேங்காமல் இருக்க நான்கு தடி நட்டு, மேலே பிளாஸ்டிக் தகடு அடித்தேன். உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்னால் சாக்கும் போர்த்தினேன்.

"அத்தான், எங்கட கூரை ஒழுகுது" என்றார் தம்பியின் மனைவி. "கட்டைக்குக் கட்டின மாதிரி எங்களுக்கும் ஒண்டு கட்டித் தாங்கோவன்."

சனிக்கிழமைகளில் கட்டையின் நடுவைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அவர் கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டுமே. "கல்லு மாதிரி இருக்கு. கல்லெண்டா நல்லது. மெத்தெண்டு இருந்தாத்தான் பயம்" என்றேன் ஒரு தடவை. அடுத்த கிழமை, "இப்பவும் கல்லோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆடியில் ஒரு ஞாயிறு, "மரம் என்ன மாதிரி?" என்று மட்டும் கேட்டார். 'அண்ணை' இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் வரவே இல்லை. மரம் குருத்து விட வேண்டும் என்று மன்றாடினேன். கொஞ்சம் சுணங்கி விடட்டும் என்றும் மனம் ஆசைப்பட்டது.

மார்கழியில் அவருக்கு விசா வந்தது. மெல்பேர்னில் தமையனிடம் போகப்போவதாகச் சொன்னார். "குருத்து வந்தா எனக்குச் சொல்லோணும்" என்றார். எப்படிச் சொல்வது என்று நான் கேட்கவில்லை.

மாசியில் ஒரு காலை, கட்டையின் நடுவில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஒன்று தள்ளிக்கொண்டு நின்றது. அவருடைய மாமியிடம் மெல்பேர்ன் நம்பர் கேட்க எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது.

"என்ன விசயம், தம்பி?"

"ஒரு மரத்தைப் பற்றி."

"மரமோ?" என்றார் மாமி. ஆனாலும் தந்தார். அன்றிரவே போன் எடுத்தேன்.

"ஹலோ, ஆர்?"

"குருத்து வந்திட்டுது" என்றேன். பெயர் சொல்ல மறந்துபோனேன்.

ஆர் என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. "அந்தக் கல்லில இருந்தோ?"

"ஓம்."

"வடிவா இருக்கோ?"

"ஓம்."

"இந்த முறை ஆர் கேட்டாலும் வெட்டாதேங்கோ, என்ன?"

நீங்கள் கேட்டாலுமோ என்று கேட்க நினைத்தேன். "ஓம்" என்றேன்.

அந்த வருடக் குருத்தோலை ஞாயிறுக்கு முன்பும் ஆட்கள் வந்து கேட்டார்கள். தர முடியாது என்றேன். தம்பியே என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தேத்தண்ணியோடு வழக்கமான கதவடியில் நின்றேன். மண்டபத்துக் கதிரைகளை அடுக்கி முடிக்கும்வரை நின்றேன். மரம் என்ன மாதிரி என்று ஒருவரும் கேட்கவில்லை.