மகளுக்கு வந்து சேர்ந்த பெயர்

மகள் பிறந்து பத்தாம் நாள் ஜெர்மன் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பிள்ளையின் குடும்பப் பெயர் எது என்று ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தின்போது நானும் கணவரும் அவரவர் பெயரையே வைத்துக்கொண்டதால் வந்த கேள்வி. அடிக்குறிப்பையும் விடாமல் வாசிக்கிற ஆள் நான். இப்போது எழுதுவதுதான் பின்னால் பிறக்கும் பிள்ளைகளுக்கும் என்று அதில் இருந்தது. அதோடு என் நிம்மதி போயிற்று.

என் குடும்பப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பாவின் சொந்தப் பெயர். எங்களில் தகப்பன் பெயரை முன்னால் எழுதுவது வழக்கம். இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களை இங்கே பதிந்த அதிகாரிகள் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். உனக்கும் உன் அப்பாவுக்கும் ஏன் வேறு வேறு பெயர் என்று கேட்ட ஒவ்வொரு வகுப்பு ஆசிரியருக்கும் இதை விளக்கியிருக்கிறேன்.

கணவருடையது பழைய ஆங்கிலக் குடும்பப் பெயர். அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளி விடுதியில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் கடந்த நாட்டில் ஒருவர் இங்கே ஒரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் ஏற்றுக்கொண்டால், பிள்ளைக்கு அவர் பெயரை வைத்துவிடுவார்கள். கணவரின் முப்பாட்டன் அப்படி ஒரு பிள்ளை.

பால் கொடுக்கும் நேரங்களில் ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். முதலில் அது இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். ஆற்றோரத்தில் தேவாலயம், பத்துப் பதினைந்து வீடு. ஊரை விட்டுப் போனவர்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். பிறகு கனடாவில் ஒரு குடாவுக்கு அதே பெயர், ஆஸ்திரேலியாவில் ஒரு ரயில் நிலையத்துக்கு, கொழும்பில் ஒரு ஒழுங்கைக்கு. ஜமைக்காவில் ஏராளமான குடும்பங்களுக்கு. எப்படி என்று பார்த்தேன். தோட்ட முதலாளியின் பெயரை அடிமைகளுக்கும் எழுதியிருக்கிறார்கள்.

மகள் பால் குடித்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள். இதையா இவளுக்கு எழுதுவது? எழுதாவிட்டால் கணவரின் அம்மா, என் மாமி, என்ன நினைப்பார்? எழுதினால், ஒரே பிள்ளையான என்னோடு அப்பாவின் பெயர் நின்றுபோகுமே. இரண்டையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்தேன். இருபத்தேழு எழுத்து வந்தது.

அந்தப் பெயரோடு வளர்ந்ததில் ஏதும் கஷ்டம் இருந்ததா என்று கணவரிடம் கேட்டேன்.

“எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே,” என்றார். “இங்கிலீஷ் ரீச்சர் முதல் நாள் பேரை வாசிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சவ. சோதனைப் பேப்பர் திருத்தினாப் பிறகு சிரிக்கேல்லை. அவ்வளவுதான்.”

அப்பாவுக்குப் போன் எடுத்து, சுற்றி வளைத்து, உங்கள் பெயர் இல்லாமல் போனால் கவலையா என்று கேட்டேன்.

“என்ர பேர் எனக்கு வைச்சது, பிள்ளை. உனக்குத் தந்தது அந்த ஒபிசர். பேத்தியும் அந்தப் பேரோட திரிஞ்சா, ஆரும் கூப்பிடேக்க நானெல்லோ திரும்பிப் பாப்பன்.”

அவர் சிரித்தார். நிஜச் சிரிப்பா, எனக்காகவா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹனோவரிலிருந்து ஹம் நகருக்கு ரயிலேறினோம். மாமி அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அன்று காலை வேலை முடித்து வந்து, புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய், அந்தப் பெயரைக் கொடுத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியுமா எனக் கேட்டேன். ஜமைக்காவைப் பற்றியும் சொன்னேன்.

“எனக்கெப்பிடித் தெரியும்? நானும் கலியாணம் கட்டி எடுத்த பேர்தானே,” என்றார். “எங்கட இல்லத்தில ஒரு மனுசி இருக்கிறா. சின்ன வயசில இங்கிலாந்தில வேலை செய்தவவாம். என்ர பேர் அட்டையைப் பாத்திட்டு, நீர் இங்கிலாந்தில எந்தப் பக்கம் எண்டு கேட்டா. யாழ்ப்பாணம் எண்டன். அது வடக்கிலயோ எண்டா. ஓம், நல்ல வடக்கு எண்டன்.”

“அவ நம்பினவவோ?”

“இப்பவும் ஒவ்வொரு நாளும் அங்க மழையோ எண்டு கேக்கிறா.”

புட்டுக்குழலைத் தட்டில் கவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “அவன் நல்லவனோ கெட்டவனோ, ஒருக்காத் தந்தான், போயிட்டான். இருபத்தாறு வருசமா அந்தப் பேரை நெஞ்சில குத்திக்கொண்டு ஆக்களைத் தூக்கிறது, துடைக்கிறது நான். இனி அது என்ர பேர். உமக்கு உம்மட அப்பான்ர பேர்தான் விருப்பமெண்டா அதை எழுதும். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஆரோ வெள்ளைக்காரன்ர பேர் எண்டு மட்டும் யோசிச்சுக்கொண்டு இராதையும்.”

திரும்பி வருகையில் ரயிலில் தொலைபேசியை எடுக்கவில்லை. ஜமைக்காவில் அந்தப் பெயரோடு இருக்கிற பெண்களை நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்களும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு எத்தனையோ வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். அந்த வரிசையில் என் மகளும் நின்றால் என்ன என்று தோன்றியது. வீடு வந்ததும் படிவத்தில் கணவரின் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நல்லது, பிள்ளைக்குச் சளி சுகமா என்று கேட்டார்.

பதிவு அலுவலகத்தில் எங்களுக்குக் குறித்த நேரம், டெர்மின், வியாழக்கிழமை. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி என்று ஒரு கோப்பு கொண்டுபோயிருந்தேன். எழுதுவினைஞர் பெண் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டே, “அழகான பெயர். குடும்பம் எங்கிருந்து வந்தது, இங்கிலாந்தா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

மிஷன் பள்ளி, முப்பாட்டன், விடுதிச் சாப்பாடு என்று விளக்கம் முழுவதும் என் நாக்கில் தயாராக இருந்தது.

“ஹம்மிலிருந்து,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். எழுத்தெழுத்தாக மூன்று முறை சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

வெளியே வந்து மாமிக்குப் போன் எடுத்தேன். வேலையில் இருந்தார்.

“எழுதியாச்சோ?”

“ஓம் மாமி. உங்கட பேர்தான்.”

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“சரி, வையும்,” என்றார். “ஒரு ஐயாவைக் குளிக்க வாக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்.”